காதுக்குக் கேட்காத நீலம்

செவ்வாய், இரவு.

போன மாதம் எங்கள் ஷிப்பிங் ஆபீசில் சேர்ந்த அந்தோணிக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்கக் காதில் கேட்டுத்தான் வேலை பார்க்கிறான். இன்று, "யக்கா, உப்புக் கப்பல் ரிப்போர்ட்டு இவ்வளவு நீளமா இருக்கு, ஒரு தலைப்புகூட இல்லியே" என்றான்.

எரிச்சலாக வந்தது. ஒவ்வொரு தலைப்பையும் மவுசால் பிடித்துப் பெரிதாக்கி நீலம் கொடுத்தவள் நான். அவன் இயர்போனை நீட்டினான். தலைப்பும் வரியும் ஒரே குரலில் ஓடின.

தலைப்பில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட், எண் 1 ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தச் சொன்னான்; அப்போதுதான் அது தலைப்பு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம். அழுத்தினேன். அந்தக் குரல் இப்போது 'ஹெட்டிங்' என்று சொல்லிவிட்டு வாசித்தது. எல்லாவற்றையும் அப்படியே மாற்றியதும், ஒரே பொத்தானைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவினான்.

அப்படியானால் இதுவரை நான் அனுப்பியதையெல்லாம் முதல் வரியிலிருந்தா கேட்டான்? முன்னமே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான அனுப்புதாவ, யக்கா."