தள்ளிப்போட்ட கல்யாணம்

விடுதி, அறை 31
மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலமா? உன் பட்டறைக்கு எதிர்த் தையல் கடையில் இருக்கும் என் வருங்கால அண்ணி நலம்தானே? அவர் தைத்துத் தந்த வெள்ளைக் கோட்டின் மேல் இங்கே எல்லோருக்கும் கண்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்தியல் தாளில் தோற்றுவிட்டேன். ஆறு மாதம் பின்தங்குவேன். அதற்கும் கட்டணம் கட்ட வேண்டும். அம்மா போன பிறகு என் படிப்புக்காக உன் கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டாய். போதும். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை இருக்கிறதாம். மருத்துவம் எனக்கு எட்டாது என்று விட்டுவிடட்டுமா?

உன் வாலு

*

மார்ச் 11

அன்பு வாலுவுக்கு,

படிப்பை விட்டால் காலை ஒடிப்பேன். அப்புறம் கட்டுப்போட நல்ல டாக்டர் கிடைக்காமல் அல்லாடாதே.

பட்டறையில் வெயில் தொடங்கியதும் எரிந்த மோட்டார்கள் வந்து குவிகின்றன. ஞாயிறும் உட்கார்ந்து செம்புக் கம்பியில் காயில் சுற்றினால் உன் கட்டணம் தேறிவிடும். கல்யாணம் எங்கே ஓடிவிடப் போகிறது? உன் அண்ணியிடம் சொன்னேன். "சரி" என்றாள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

அக்டோபர் 20

அன்புள்ள அண்ணா,

பாஸ்! பலகையில் என் எண்ணை மூன்று முறை விரல் வைத்துப் பார்த்தேன்.

அண்ணிக்கு மூன்று கடிதம் போட்டும் பதிலே இல்லை. என்மேல் கோபமா? கேட்டுச் சொல்.

வாலு

*

அக்டோபர் 29

அன்பு வாலுவுக்கு,

பட்டறையில் எல்லோருக்கும் என் செலவில் டீ. முதலாளி இரண்டு குடித்தார்.

அவளுக்கு உன்மேல் கோபமில்லை. மே மாதம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பரீட்சை முடியட்டும் என்று மறைத்துவிட்டேன்.

அவளைத் திட்டாதே. மார்ச்சில் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று நான் சொன்னதும், "இது முடிஞ்சா அதுக்கு மேல ஒரு படிப்பு இருக்காமே. அப்ப என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள். நான் உன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "சரி" என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். நான்கு வருடம் காத்திருந்தவள். இன்னும் எத்தனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கடையில் இப்போது வேறு ஆள். நான் என் பெஞ்சைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம்தான் கொஞ்சம் குறைவு.

அண்ணன்

*

மூன்று வருடம் கழித்து, ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணா,

இன்றோடு நான் டாக்டர்.

அண்ணிக்குக் கல்யாணம் ஆனதைச் சொன்ன உன் கடிதத்துக்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. பரீட்சை, கட்டணம், நலம் என்று மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. இப்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கத்தாதே. சில வருடம் வேலை பார்த்து என் சம்பளத்தில் படிப்பேன். நீ இனி எனக்காக எதையும் தள்ளிப்போடக் கூடாது.

டாக்டராகப் பதிவு செய்யும் அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். 'படிப்புச் செலவை ஏற்றவர்' என்று ஒரு வரி. உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் இடம் இருந்தது. நான்கு வருடம் காத்திருந்தாரே, அவர் பெயரையும் எழுதினேன்.

குமாஸ்தா அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"இவர் அண்ணன், சரி. இவங்க உனக்கு என்ன வேணும்மா?"

வாய் தவறி, "அண்ணி" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். நான் திருத்தச் சொல்லவில்லை.

உன் வாலு