இடது முன் சில்லு

நேற்றுக் காலை உன் கார் எங்கள் சந்துக்குள் வந்தது. கதவைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சில்லு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு தடவை கீச்சென்று கத்தும் அந்தச் சத்தத்தை ஆறு வருடமாக நான் கேட்கவில்லை; மறக்கவும் இல்லை. தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஓட்டிக்கொண்டு வந்திருந்தது உன் மகள்.

நீ செத்து நாலு மாதம். செத்தவனைத் திட்டக் கூடாது என்று உன் மரண வீட்டில் யாரோ எனக்குப் புத்தி சொன்னார்கள். அன்று நான் வாயே திறக்கவில்லை. மதிலுக்கு வெளியே ரோட்டில் நின்றேன், அவ்வளவுதான். உன் மனைவி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று திட்டாததை இன்று திட்டுகிறேன், கேள்.

"மாமா, பல்லேகலயில வேல கெடைச்சிருக்கு. திங்கக்கெழமையில இருந்து இதுலதான் போகணும்," என்றாள் உன் மகள். "இந்தச் சத்தம் என்னன்னு ஒருக்கா பாருங்க. வேற யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல."

சாவியை இடது கையால் நீட்டினாள். அந்த மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணல்தான்.

ஆறு வருடத்துக்கு முன் கலஹாவில் கலியாணச் சாப்பாடு முடிந்ததும், "இடுப்பு வலிக்குது மச்சான், நீ எடு" என்று சாவியை என் சட்டைப் பையில் போட்டாயே. பின் சீட்டில் உன் மனைவியும் மகளும் இருந்தார்கள். இறக்கத்தின் முதல் வளைவிலேயே சத்தம் தொடங்கியது.

"என்னடா இது?"

"தூசி."

"தூசி இப்பிடிக் கத்துமா?"

"வாத்தியாரே, ஸ்கூல்ல புள்ளைங்க கத்துறது ஒனக்குப் பத்தலையா? காருகிட்டயும் பாடம் கேக்குறியே!" என்று பாட்டைக் கூட்டி வைத்தாய். உன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பாதி வழியில் தீய்ந்த வாடை அடித்தது. நிறுத்தினேன். பாதையோரம் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் போத்தலுக்குத் தண்ணீர் பிடித்து, மலையில் ஓட்டுகிற பாதிப் பேர் செய்வது போல, கொதித்த சில்லின் மேல் ஊற்றினாய். குப்பென்று ஆவி எழும்பியது. "குளிச்சிருச்சு பாரு. இனிக் கத்தாது, எடு" என்றாய். எடுத்தேன். இரண்டாம் கியரில்தான் இறங்கினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் வந்தாய். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் அடிவரை போயிற்று, கார் நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மண்மேட்டில் கொண்டுபோய் மோதினேன். பிள்ளையின் கை முறிந்தது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் உன் மனைவி எப்படி நடந்தது என்று கேட்டாள். நீ என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "வாத்தியான் பிரேக்குல கால வச்சிக்கிட்டே எறங்கிட்டான். மலையில ஓட்டத் தெரியல."

நான் மறுக்கவில்லை. பிள்ளை வலியில் அழும்போது கியரைப் பற்றி யார் வாதாடுவார்கள்? பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை. பதினைந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு தின்ற வீட்டுக் கதவை உன் மனைவி எனக்கு அடைத்துவிட்டாள். கலியாணம் கட்டாத எனக்கு வேறு எந்த வீடு இருந்தது? நீயும் சரி, ஒரு நாளாவது வந்து கதவைத் தட்டவில்லை. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, என் கால் பிரேக்கில்தான் இருந்ததோ என்று. அதன் பிறகு நான் கார் ஓட்டியதே இல்லை.

அதனால் நேற்றும் உன் மகளைத்தான் ஓட்டச் சொன்னேன். சந்து முனையிலிருந்து ஓடும் நீண்ட மதிலை ஒட்டி அவள் மெல்ல உருட்டினாள். நான் பக்கத்தில் நடந்தேன். மதிலில் பட்டுத் திரும்பிய சத்தம் இடது பக்கத்துச் சத்தம். "பிரேக்க லேசாத் தொடு" என்றேன். தொட்டதும் சத்தம் நின்றது, விட்டதும் திரும்ப வந்தது. காரை நிறுத்தச் சொல்லி நாலு சில்லுக்கும் கிட்டே கையைக் கொண்டுபோனேன். மூன்றில் சூடே இல்லை. இடது முன் சில்லில் அனல் அடித்தது. பெடலை விட்ட பிறகும் அந்த ஒரு சில்லில் மட்டும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கட்டுகஸ்தோட்டைக் கராஜுக்கு ஊர்ந்து ஊர்ந்து போனோம். நீ வழக்கமாகப் போகிற இடம் என்று உன் மகள்தான் வழி காட்டினாள். சில்லைக் கழற்றிய முஸ்லிம் மெக்கானிக் நானா எங்கள் இருவரையும் அறியாதவர்.

"இது அந்த அண்ணன்ட காரல்லவா? இதே சில்லுதான் சேர். கலஹாவுல கலியாணமெண்டு போக முந்தின நாளே சென்னேன், இதுட பிரேக் பிஸ்டன் இறுகி ஈக்கிது, சூடேறினா பிரேக் ஒயில் கொதிச்சி பெடல் அடிவரைக்கும் போயிரும், மலையில எறக்க வாணாமெண்டு. 'போயிட்டு வந்து பாப்போம் நானா' எண்டாரு. அடிபட்ட பொறகும் புதுசு போடல்ல. கழுவி மாட்டினாப் போதுமெண்டாரு."

உன் மகள் என் பக்கத்தில்தான் நின்றாள்.

இடுப்பு வலியா மச்சான்? தெரிந்துகொண்டுதானே சாவியைத் தந்தாய்? பயந்து தந்தாயா, யோசிக்காமல் தந்தாயா என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்? யோசிக்காமல் தந்தாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி விறாந்தையில் யோசித்துத்தானே பேசினாய்? உன் வாயால் ஒரு வார்த்தை, "தப்பு என்னோடது" என்று சொல்லியிருந்தால், உன் மனைவி இரண்டு நாள் உன்னைத் திட்டியிருப்பாள். மூன்றாம் நாள் நாம் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். அந்த இரண்டு நாள் திட்டுக்குப் பயந்து என்னுடைய ஆறு வருடத்தைத் தின்றுவிட்டாய்.

புதுப் பிஸ்டன் போட்டுத் திரும்பும்போது, என் வீட்டு முன்னால் காரை நிறுத்திவிட்டு உன் மகள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினாள்.

"மாமா, அம்மாகிட்ட இதைச் சொல்ல வேணாம்."

"ஏன் சொல்லக் கூடாது?"

"இப்பத்தான் ரெண்டு வாய் சாப்பிடுறாங்க. அப்பாவப் பத்தி நல்லது மட்டுந்தான் பேசுறாங்க. எனக்குத் தெரியுமே மாமா. அது போதாதா?"

போதாது. ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் கால் பிரேக்கில் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அது தெரிய வேண்டியவளுக்குத் தெரியப் போவதில்லை. உன் பொய்யை இத்தனை நாள் நீ காத்தாய். இனி நான் காக்க வேண்டும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நாளைக்குக் கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் உன் மனைவி என்னைக் கண்டு முகத்தைத் திருப்புவாள். நான் வழிவிட்டு ஒதுங்குவேன். அவள் தாண்டிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உன்னைத் திட்டுவேன், அவள் காதில் விழாமல்.