கனமான பெட்டி

நாள் 143. 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் குணசீலன். நிலவின் தென்முனைக் குடிலில் காவல்காரன், எலெக்ட்ரீஷியன், சமையல்காரன் மூவரும் நானே. சமையல்காரன் மீது மற்ற இருவருக்கும் புகார் உண்டு.

நிலையக் கணினி போன மாதமே செத்தது. மகள் செவ்வந்தி பூட்டிக் கொடுத்த வீட்டுக் கணினிதான் அந்த வேலையையும் பார்த்தது. இன்று அதன் பவர் சப்ளை விசிறியோடு சேர்ந்து புகைந்தது. நாலு நாளில் கப்பல் வருகிறது. இறங்க இந்தக் கணினி சிக்னல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திரும்பிவிடும். அடுத்த கப்பல் தொண்ணூறு நாளில். என் காற்று நாற்பத்தொரு நாளுக்கு.

நாள் 143. 11:40
ஸ்டோரில் இரண்டு பவர் சப்ளை. ஒன்றில் 450 வாட்ஸ், மற்றதில் 600. ஊர்க் கடையில் செய்வதைத்தான் செய்தேன்: கையில் தூக்கிப் பார்த்தேன். இங்கே எல்லாமே ஆறில் ஒரு பங்கு எடை. அதிலும் 600 கனத்தது. நம்பிவிட்டேன்.

இலேசானதன் விசிறியைக் கழற்றி, காற்றுச் சுத்திகரிப்புக் குழாயில் நின்றுபோன விசிறிக்குப் பதிலாக மாட்டினேன். என் சாமர்த்தியத்தை மெச்ச ஆளில்லை. நானே மெச்சிக்கொண்டேன்.

நாள் 146. 15:20
ஒத்திகை. ஒன்பதே நிமிடத்தில் கனமான பெட்டி அணைந்தது. ரேடியோவுக்கு மின்சாரம் தனி என்பதால் பூமியிலிருக்கும் செவ்வந்தியைக் கூப்பிட்டேன்.

"அப்பா, திரும்பவும் தூக்கிப் பாத்தா எடுத்தீங்க? பூசணிக்காயா அது? லேபிள்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு பாருங்க. அதைப் பன்னெண்டால பெருக்குங்க. உங்க மெஷினுக்கு 405 வாட்ஸ் வேணும்."

கனமானதில் 24 ஆம்பியர்: 288 வாட்ஸ். இலேசானதில் 36: 432. கனமானதைத் திறந்தேன். உள்ளே ஓர் இரும்புப் பட்டை, ஒன்றோடும் சேராமல், வெறும் கனத்துக்காகத் திருகி வைத்திருக்கிறார்கள். அதன் விசிறி வேறு கருகிவிட்டது.

சிரித்தேன். குடிலில் சிரிப்பு திரும்பிக் கேட்டது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

நாள் 147. 10:05
இலேசானதை மாட்டிவிட்டேன். அதற்கு விசிறி இல்லை. குழாயிலிருந்து கழற்றலாமென்றால் கரியமில மீட்டர் ஏற்கெனவே சிவப்பு. விண்ணுடுப்புக் காற்று கப்பல் வரை நடக்க மட்டும்.

அட்டைகளையெல்லாம் குளிருக்குப் பயந்து சுவரில் ஒட்டிவிட்டேன். மிச்சம் இந்த நோட்டு; இதால்தான் பெட்டிக்கு விசிற வேண்டும். மின்வெட்டில் செவ்வந்திக்கு விடிய விடிய விசிறியவன்தானே நான்? அப்போது அவளுக்கு ஏழு மாதம். நிறுத்தினால் சிணுங்குவாள்.

நாள் 147. 10:31
கப்பலிலிருந்து ஜோசபின்: "சிக்னல் கிடைச்சிருச்சுண்ணே. இன்னும் இருபது நிமிஷம். அப்படியே வெச்சிருங்க."
மூன்று மாதத்தில் இவ்வளவு பக்கத்திலிருந்து வந்த முதல் மனிதக் குரல். எழுதாமல் இருக்க முடியவில்லை.

10:39
பெட்டி தொட முடியாத சூடு. கை மாற்றுகிற நேரத்தில் இரண்டு வரி.

10:44
தோள் விட்டுப்போயிற்று. கருகல் வாடை. செவ்வந்தி, நீ சொன்னது

10:46
"அண்ணே, சிக்னல் ஆடுது! என்ன பண்றீங்க அங்க?"
எழுதிக்கொண்டிருக்கிறேன், தாயே. நிறுத்தி