பட்டியலில் பெயரில்லாத ஒன்று

மார்ச் 3, செவ்வாய்

அச்சகத்திலிருந்து பக்கங்கள் வரவில்லை. திருத்துவதற்கு ஒரு பிழைகூட இல்லாத நாள். வெயில் கட்டில் கால்வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனது.

அக்கா, புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இது ஒரு காலத்தில் எங்கள் இருவருக்குமான அறை. இப்போது விருந்தாளி மாதிரி கட்டில் ஓரத்தில் உட்காருகிறாள். வீட்டு வைஃபையைத் தொடுவதே இல்லை. சிம்மில் டேட்டா தீர்ந்தால் தெருமுனை நூலகத்துக்குப் போய்விடுகிறாள். இன்று அங்கே விடுமுறை.

"வீட்ல இருக்கிறதைப் போட்டுக்கயேன்" என்றேன்.

தன் போனை நீட்டினாள். நெட்வொர்க் பட்டியல். முதலில் எங்கள் வீட்டுடையது. அடுத்த வரியில், அதே முழு பலத்தோடு: மறைக்கப்பட்ட நெட்வொர்க்.

"இது யாருது?"

"பக்கத்து வீடா இருக்கும்."

"பக்கத்து வீட்டுது நம்ம கூடத்துல வந்து ஏறுமா? டப்பா பக்கத்துல போகப் போகப் பலமாகுது. நான் நடந்து நடந்து பார்த்துட்டேன்டி."

டப்பா என்பது ரூட்டர். அம்மா வைத்த பெயர். அத்தான் வாங்கித் தந்தது. அவரே சுவரில் மாட்டி, அவரே கடவுச்சொல் வைத்தார்.

"அவர்தான் ஏதோ பண்ணி வச்சிருக்கார்" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாம்.

மார்ச் 4, புதன்

அம்மாவின் வார விடுமுறை. மருந்துக்கடைக்குப் போகாத நாளில் அம்மாவின் கவனம் முழுதும் எங்கள்மேல்தான்.

"குடிக்கிறாரா? இல்ல. கை நீட்டினாரா? இல்ல. வேற என்னதான்டி குறை?"

"நான் எங்க இருக்கேன், எப்ப வந்தேன், எப்ப போனேன், எல்லாம் அவருக்குத் தெரியுதும்மா. எப்பவும்."

"புருஷனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணும்? ரோட்ல போறவனுக்கா?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதிகூடச் சாப்பிடவில்லை.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அத்தானை வரச் சொல்லியிருக்கிறாள் அம்மா. உட்கார்ந்து பேசி, அப்படியே அக்காவை அவரோடு அனுப்பிவிடத் திட்டம். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வரும்: "வந்து சேர்ந்தாச்சா அத்தை?" பேசி முடித்ததும் என் பக்கம் திரும்புவாள். "பெத்தது இப்படி ஒரு நாள் விசாரிச்சிருக்குமா?"

எனக்கும் அவரைப் பிடிக்கும் என்றுதான் இத்தனை நாள் எழுதியிருக்கிறேன். முன் பக்கங்களைப் புரட்டினால் தெரியும். நல்லவர், அமைதியானவர், உதவி செய்பவர். உதவி என்ற சொல்தான் எத்தனை முறை!

மார்ச் 6, வெள்ளி

அக்காவின் பயம் ஆதாரமற்றது என்று நிரூபிக்கக் கிளம்பினேன். நிரூபித்தும்விட்டேன்.

ரூட்டர் விற்ற நிறுவனத்தின் உதவி எண். எடுத்தவர் சலித்துப்போன குரலில் ஆரம்பித்து, போகப் போக உற்சாகமாகிவிட்டார்.

"பேர் இல்லாம ஒண்ணு காட்டுதா? அது உங்க டப்பாவோடதுதாங்க. பெரிய வீடுன்னா மாடிக்கு இன்னொரு டப்பா வாங்கி வைப்பாங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதுக்கு உள்ளுக்குள்ள ஒரு வழி. மெஷ்னு பேரு."

"எங்ககிட்ட ஒரு டப்பாதான் இருக்கு."

"ஒண்ணு இருந்தாலும் அது கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும். துணைக்கு யாராவது வருவாங்களான்னு."

"ஆபத்து இல்லையே?"

"ஆபத்தா? அதுல போன்கூடச் சேர முடியாது மேடம். வாயில்லாப் பூச்சி."

அப்படியே அக்காவிடம் சொன்னேன். இன்னொரு டப்பாவுக்காகக் காத்திருக்கும் டப்பா. யாருக்கும் காட்டப்படாத, யாரையும் பார்க்காத ஒன்று. எனக்கே அந்த விளக்கம் பிடித்திருந்தது. கொஞ்சம் அழகாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

முழுதும் கேட்டாள். "சரி, புரியுது. அணைச்சிடு."

"அதான் ஒண்ணுமில்லங்கிறேனே."

"ஒண்ணுமில்லாததை அணைச்சா என்ன குறைஞ்சிடும்?"

மார்ச் 7, சனி

எனக்குப் புரிந்துவிட்டது என்பதற்காக அவளுக்கு ஏன் நிம்மதி வர வேண்டும்?

மார்ச் 8, ஞாயிறு

அணைக்க ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போக வேண்டும். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல் செல்லவில்லை. அத்தான் மாற்றியிருக்கிறார்.

"அவ்ளோதானே?" அம்மா போனை எடுத்தாள். "மாப்பிள்ளைகிட்டக் கேட்டா ஒரு நிமிஷ வேலை."

"அவர்கிட்டக் கேட்டீங்கன்னா நான் இப்பவே கிளம்பிடுவேன்."

"எங்கடி கிளம்புவ?"

அம்மாவின் போன் மேசைக்குப் போனது. குக்கர் சத்தம் போட்டதும் மூவருக்குமே நல்லதாகப் போயிற்று.

எங்கே கிளம்புவாள்? எங்கள் வீட்டின் கடவுச்சொல் அவரிடம் இருக்கிறது. அவர் வீட்டின் சாவி அவளிடம் இருக்கிறதா? கேட்டதில்லை.

மார்ச் 9, திங்கள்

உதவி எண்காரர் மறுபடியும். "பாஸ்வேர்டு தெரியலன்னா பின்னாடி ஒரு பொட்டு ஓட்டை இருக்கும். குண்டூசியால அமுக்கிப் பிடிங்க. பிறந்த குழந்தை மாதிரி ஆயிடும். அப்புறம் முதல்லேருந்து நீங்களே வச்சுக்கலாம்."

அக்கா: "புதன்கிழமை பண்ணலாம். அம்மாவும் இருக்கட்டும்."

மார்ச் 11, புதன்

நிதானமாக எழுதிவிட வேண்டும்.

காலை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் டப்பாவைச் சுவரிலிருந்து இறக்கினேன். குண்டூசி அக்காவின் கையில். அமுக்கினாள். விளக்குகள் எல்லாம் அணைந்தன. அப்புறம் ஒன்று மட்டும் மெல்லச் சிமிட்ட ஆரம்பித்தது.

"உயிர் வருதா பாரு" என்றேன்.

அம்மாவின் போன் ஒலித்தது. செய்தி. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வழக்கம்போல உரக்கப் படித்தாள்.

"அத்தை, வீட்டுல நெட் போயிடுச்சு போல? இங்க காட்டுது. கரண்ட் இல்லையா? நான் வேணா வந்து பார்க்கட்டுமா?"

"பாரேன், எவ்வளவு..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். தலைக்குமேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதையே அண்ணாந்து பார்த்தாள்.

"கரண்ட் இருக்கே."

போனைத் திரும்பவும் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல நெட் இல்லன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அக்கா குண்டூசியைப் பிடித்தபடியே நின்றாள். முகத்தில் வெற்றி என்று ஏதும் இல்லை. சுமந்து வந்ததை இறக்கி வைக்க இடம் கிடைத்தவள் போல, களைப்பு மட்டும்.

அம்மா பதிலுக்கு 'ஆமா' என்று தட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அழித்தாள்.

உதவி எண்காரரிடம் கேட்டேன். அவருக்கு அது சாதாரண விஷயம். "யார் பேர்ல பதிஞ்சிருக்கோ அவங்க போன்ல ஒரு ஆப் இருக்கும் மேடம். எந்த ஊர்ல இருந்தாலும் டப்பா தெரியும். எந்தப் போன் வீட்டுக்குள்ள வந்துச்சு, எது எப்ப வெளிய போச்சு, எல்லாம் காட்டும். நல்ல வசதி."

"இப்போ?"

"ரீசெட் பண்ணிட்டீங்கல்ல? அவர் பேர் போயிருக்கும். உங்க பேர்ல பதிஞ்சுக்கோங்க."

ஆக, அந்தப் பெயரில்லாத ஒன்று ஒரு பாவமும் அறியாது. பார்த்துக்கொண்டிருந்தது பெயருள்ள ஒருவர். நான் தேடிப் பிடித்த விளக்கம் முழுக்கச் சரி. அக்கா சொன்னதும் முழுக்கச் சரி. நான் எதைத்தான் நிரூபித்தேன்?

அக்கா பெயரில் பதிந்தோம். கடவுச்சொல்லை அவளே வைத்தாள். பட்டியலைப் பார்த்தால் மறைக்கப்பட்ட நெட்வொர்க் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. பிறந்த குழந்தைக்கு அது பிறவிக்குணம் போல. அமைப்புப் பக்கத்தின் ஆழத்தில், மூன்று கதவு தாண்டி, மெஷ் என்று ஒரு சின்னப் பொத்தான்.

"இதுமேல தப்பே இல்லை, தெரியும்ல? விட்டுடலாமா?" என்றேன்.

"பாவம்தான்" என்றாள். "இருந்தாலும் எனக்கு வேணாம்."

அணைத்தாள். பட்டியலில் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு அந்த வரி காணாமல் போனது.

கீரை வாடிவிட்டது. அம்மா அதை அப்படியே வதக்கினாள். யாரும் குறை சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

அம்மா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே, கைப்பையில் கையை விட்டபடி, நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"இன்னிக்குப் போன் வரல."

"வராதும்மா."

ஒரு செருப்பைக் கழற்றினாள். "அதைப் பாசம்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்."

இன்னொன்றைக் கழற்ற வெகுநேரம் ஆனது.

மார்ச் 14, சனி

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அம்மா ரத்து செய்யவில்லை. அக்கா பெட்டியைக் கட்டவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. நான் கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வந்தார். தேய்த்த சட்டை, தாழ்ந்த குரல், அம்மாவிடம் மூட்டுவலி பற்றி விசாரணை. அவர் மாறவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபக்காரராக வந்திருந்தால் எழுதச் சுலபம்.

அக்கா அறையில். கதவு திறந்தே இருந்தது. வெளியே வரவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும் போனை எடுத்தார். இரண்டு முறை தட்டினார்.

"பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா அத்தை? சேர மாட்டேங்குது."

"ஆமா. அவ மாத்திட்டா."

"என்னன்னு வச்சிருக்கா?"

"தெரியாது."

சிரித்தார். "வீட்டுக்குப் பெரியவங்க, உங்களுக்கே தெரியாதா?"

"நான் கேக்கல" என்றாள் அம்மா.

அவர் சிரிப்பு கொஞ்ச நேரம் போகாமல் நின்றது. பிறகு மெதுவாக: "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தானே அத்தை வச்சேன். மூணு பொம்பளைங்க தனியா இருக்கீங்க."

"இருந்துக்குறோம் மாப்பிள்ளை. நான் வீடு வந்து சேர்ந்தேனான்னு தெரியணும்னா, என்னைக் கேளுங்க. சொல்றேன்." அம்மா காபியை அவர் பக்கம் நகர்த்தினாள். "அவ இங்கதான் இருப்பா. எவ்வளவு நாள்னு அவதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது."

காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். மரியாதைக்குக் குறைவில்லை.

அவர் போன பிறகு அம்மா அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளும் விருந்தாளி மாதிரி ஓரத்தில்தான். அப்புறம் தன் போனை அக்காவிடம் நீட்டினாள்.

"எனக்கும் நெட் இல்லடி. நாலு நாளாச்சு. போட்டுத் தர்றியா?"

அக்கா வாங்கிக்கொண்டாள். கடவுச்சொல்லைத் தட்ட ஆரம்பித்தாள்.

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா தட்டி முடிக்கும்வரை திரும்பவே இல்லை.