மருந்தடிக்காத வரிசைகள்

மாமா,

காலையில் பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடித்தார்கள். கந்தக நெடி சன்னல் வழியே வந்தது. குமட்டியது. எனக்கு மறுபடியும் மூன்றாம் மாதம். மேசையில் அதே மாத்திரை. நீங்கள் இல்லை.

முதல் பிள்ளையின்போது தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. உங்கள் மகன் திருப்பூரில். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரையை நான் பிரிக்கவே இல்லை. எப்போதோ வாசித்தது நினைவில்: ஏதோ ஒரு மருந்து, கையில்லாமல் பிறந்த குழந்தைகள். அத்தை, "மசக்கைக்கு எவளாச்சும் மாத்திரை திம்பாளா?" என்றார். நீங்கள் என் காய்ந்த உதட்டைப் பார்த்தீர்கள்.

"கெளம்பு ஆத்தா."

கம்பம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்கள் மட்டும். நடுவில் நீங்கள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. ஒருத்தி சிரித்தாள்.

"பெரியவருக்கு எத்தனாவது மாசமாம்?"

"முத மாசந்தேன் தாயி."

உள்ளே போனதும் கேட்டீர்கள்.

"டாக்டரம்மா, கொடிக்கு அடிச்ச மருந்து பழத்துல நிக்கும். நாள் பாத்துத்தேன் பறிப்போம். இது பிள்ளைகிட்ட நிக்குமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனா ரொம்ப வருசமா கர்ப்பிணிகளுக்குக் குடுக்கிற மாத்திரை இது. பிள்ளைக்குக் கெடுதல்னு தெரியல. தண்ணி தங்கலன்னாதான் ரெண்டு பேருக்கும் ஆபத்து. எல்லா மாத்திரையும் இப்படி இல்ல. கேக்காம எதையும் வாங்கிடாதீங்க."

"பால் குடுக்கையில?"

"அப்ப மறுபடியும் வந்து கேளுங்க. பால்ல எறங்கினா பிள்ளை தூங்கிட்டே கெடக்கும்."

ஒரு உடம்புக்குள் போனது இன்னொரு உடம்பில் எங்கே நிற்கும். என் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டேன். கொடி. பழம்.

வீட்டில், நான் விழுங்கும்வரை முதுகைத் திருப்பி நின்றீர்கள். "எறங்கிருச்சா ஆத்தா?"

மறுநாள் கஞ்சி தங்கியது.

எழுந்து நடக்க முடிந்தபோதுதான் பார்த்தேன். நம் திராட்சைத் தோட்டம் முழுக்கக் காய்கள் பளபளத்தன. என் சன்னலை ஒட்டிய வரிசைகளில் மட்டும் சாம்பல் நோய். குலைகள் வெளுத்து, காய்கள் வெடித்து. அங்கே நீங்கள் மருந்தடிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அந்த நெடி ஒனக்கு ஆகலையே."

அவ்வளவுதான்.

நேற்றுப் புது டாக்டரிடம் உங்கள் சொல்லிலேயே கேட்டேன். நிக்குமா? அவரும் பேனாவை வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

பக்கத்துத் தோட்டக்காரர் எல்லா வரிசைக்கும் அடித்து முடித்துவிட்டார். அதுதான் வழக்கம். பிறக்காத ஒரு பிள்ளைக்காகப் பந்தலில் ஒரு பக்கத்தையே சாம்பலுக்கு விட்டவரை நினைத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டேன்.

எறங்கிருச்சு மாமா.