பாவாயியை வடிகாலுக்கு மாற்றியது

நவ. 10, திங்கள்
விடியலிலிருந்து மழை. ரோடு காண்ட்ராக்ட் ஆபீஸில் ஜன்னலோரம் ஒழுகல், வாளி வைத்தாயிற்று. இந்த வார ஆள் ஒதுக்கீடு. செம்மேட்டு வடிகால் வேலைக்குச் சித்தாள் பற்றாக்குறை. கணினியில் அந்த வரி முழுக்கச் சிவப்பு. காரவள்ளி ரோட்டுத் தடுப்புச் சுவரில் ஓர் ஆள் கூடுதல். ‘சமன் செய்’ அழுத்தினேன். அங்கிருந்து சித்தாள் பாவாயி வடிகாலுக்கு. சிவப்பு போயிற்று. சேலத்திலிருந்து மேனேஜர் போன்: “முடிக்கிற தேதி நகரவே கூடாது.”
வாங்க: கொசுவத்தி, பேனா.

நவ. 11, செவ்வாய்
சாரல். பாவாயி ஆபீஸ் வாசலில், சேற்றுக் காலோடு. உள்ளே வரவில்லை.
“ஏனுங்க மேடம், என்னையச் சுவத்து வேலைக்கே போடுங்க. எங்கூட்டுக்காரருக்குக் காது கேக்காதுங்க. பொக்லைன் பின்னால வந்தா நாந்தானுங்க தொட்டு நகத்துவேன்.”
கணவர் செல்லப்பன், அதே சுவரில் கொத்தனார். காது கேட்காதது எனக்குத் தெரியாது. கணினியில் அவர் ‘கொத்தனார் 3’, பாவாயி ‘சித்தாள் 5’.
“நாலு நாள்தாம்மா. பக்கத்துல ஆள் நிறுத்தச் சொல்லி மேஸ்திரிகிட்டச் சொல்றேன்.”
“சரிங்க.”
மேஸ்திரிக்குப் போன் செய்தேன். சிக்னல் இல்லை. பிறகு அறிக்கை, மீட்டிங். மறந்துபோனேன்.

நவ. 12, புதன்
மழை விட்டிருந்தது. பதினொன்றே காலுக்கு மேஸ்திரி போன். ரிவர்ஸில் வந்த பொக்லைனுக்கும் சுவருக்கும் நடுவே செல்லப்பன். நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் ரோட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். “ஹாரன் அடிச்சுட்டேதானுங்க வந்தேன்.” ஆம்புலன்ஸ் மேலே ஏறி வர முக்கால் மணி. அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் முன்பே உயிர் போய்விட்டது.
பாவாயியிடம் சொல்ல நான்தான் போனேன். வடிகாலில் குனிந்து ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்தார்.
“நான் சொன்னனுங்களே.”
 

நவ. 13, வியாழன்
கணினியைத் திறந்தேன். ‘கொத்தனார் 3’ இன்னும் சனிக்கிழமை வரை முழு நாள் வேலையில். மேனேஜர் போன்: “அந்த இடத்துல வேற ஆளைப் போடுங்க, தேதி தள்ளுது. அப்புறம், காது விஷயம் நம்மகிட்ட யாரும் சொல்லலை. போலீஸ் கேட்டா அப்படியே சொல்லுங்க. உங்களுக்கும் அதுதான் நல்லது.”
சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன்.

நவ. 14, வெள்ளி
பனி. போலீஸ்காரர் ஒருவர். மேனேஜரும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
“அவருக்குக் காது கேக்காதுன்னு முன்னாடியே தெரியுமாங்க?”
“தெரியும். அவர் சம்சாரம் செவ்வாய்க்கிழமை வந்து சொன்னாங்க. என்கிட்டதான் சொன்னாங்க. நான் மேஸ்திரிக்குச் சொல்லலை.”
எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் என் மேஜையிலிருந்த கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.