கார்த்திகையின் நீலம்

அன்பு அண்ணிக்கு,

இந்த வீட்டில் என்னை "இன்னாடி" என்று கூப்பிடும் உரிமை உங்களுக்கு மட்டும்தான் இருந்தது. நீங்கள் போன ஆடி மாதத்திலிருந்து அந்த வார்த்தை என் காதில் விழவில்லை. அண்ணன் "கௌரி" என்கிறார். கம்பெனியில் "மேடம்" என்கிறார்கள். மரியாதை கூடிவிட்டது, எனக்கு அது பிடிக்கவேயில்லை.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். கார்த்திகை நட்சத்திரப் படம் முடிந்துவிட்டது. இதை நேராகச் சொல்லி நிறுத்தினால் "மொதல்லேர்ந்து சொல்லுடி" என்பீர்கள். நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஓரமாகக் குடியிருந்துகொண்டு வானத்தைப் படம்பிடிக்க ஆசைப்பட்ட நாத்தனாரும் அண்ணியும் நாம் மட்டும்தான் இருப்போம். நீங்கள் கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைப்பது உங்கள் வேலை. நான் இரும்புக் கம்பெனி ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுக்குக் காவல். அண்ணன் ஆசையாக வாங்கி அலமாரியில் போட்டுவைத்த கேமராவை எடுத்து, அதன் ஜூம் லென்ஸை மாடியிலிருந்து கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குத் திருப்பியவர் நீங்கள்தான். அது உங்கள் ஜென்ம நட்சத்திரம். ஆறு வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன.

"இன்னாடி இது? நெட்டுல அல்லாரும் நீலமா போட்றாங்க. நம்புளுக்கு மட்டும் ஏன் வெள்ளையா கீது?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். படித்துப் பார்த்ததில் தெரிந்தது: அந்த ஆறும் நிஜமாகவே நீல நட்சத்திரங்கள். அவற்றைச் சுற்றிப் புகைபோல் ஒரு தூசிப் படலம் இருக்கிறது, அதுவும் நட்சத்திர வெளிச்சம் பட்டு நீலமாகத்தான் இருக்கும். ஆனால் மிகவும் மங்கல். மணிக்கணக்காக வெளிச்சத்தைச் சேர்த்து, படத்தின் மேல் படமாக அடுக்கினால்தான் கண்ணுக்கு வரும். அந்த நீலத்தை நம் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். நீங்கள் முடிவு செய்தால் இந்த வீட்டில் மறுபேச்சு ஏது?

பிறகு டயாலிசிஸ் வந்தது. "ஒரு நாளு மெஷினு, மறுநாளு மனுஷி" என்று உங்கள் வாரத்தை நீங்களே பிரித்துச் சொன்னீர்கள். மனுஷியாக இருக்கும் நாளிலும் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் உட்கார முடியாது. கால் கனக்கும், உடம்பு நடுங்கும். அந்தச் சமயத்தில்தான் டெலஸ்கோப் வாங்கும் பேச்சு எழுந்தது. நானும் நீங்களும் சண்டை போட்டதும் அதற்காகத்தான்.

எனக்குப் பிடித்தது லென்ஸ் டெலஸ்கோப், எஃப் ஏழு. அது சாது. ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். உங்களுக்குப் பிடித்தது கண்ணாடி டெலஸ்கோப், எஃப் நான்கு. குவியத் தூரத்தை டெலஸ்கோப் வாயின் அகலத்தால் வகுத்தால் வருவது அந்த எண். எண் குறையக் குறைய வேகம் கூடும். எஃப் ஏழு மூன்று மணி நேரம் வாங்கிச் சேர்க்கும் மங்கல் வெளிச்சத்தை எஃப் நான்கு ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடும். ஆனால் அதைக் கட்டி மேய்ப்பது லேசில்லை. கண்ணாடி துளி சாய்ந்தாலும் போச்சு. படத்தின் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும், அதை அடக்க இன்னொரு லென்ஸ் மாட்ட வேண்டும். ஃபோகஸில் மயிரிழை தவறினாலும் மன்னிப்புக் கிடையாது.

"அண்ணி, அது பேஜாரு புடிச்ச சாமான். நம்புளுக்கு எதுக்கு? நிதானமா எடுக்கலாம் அண்ணி."

"நிதானம் உன்கிட்ட கீதுடி. என்கிட்ட எங்க கீது?"

அழவில்லை, கோபமும் இல்லை. கம்பெனி பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னீர்கள். அதற்குமேல் எஃப் ஏழைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

எஃப் நான்கு வந்தது. வேகமான டெலஸ்கோப்புக்கு நல்லது கெட்டது தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. நட்சத்திர வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகச் சேர்க்கிறதோ அவ்வளவு வேகமாகப் பக்கத்து உருக்காலை வெளிச்சத்தையும் வாரிக்கொண்டது. நம் மாடியிலிருந்து எடுத்த முதல் படத்தில் வானம் தக்காளி ரசம் நிறத்தில் இருந்தது. இருட்டைத் தேடி நம் பக்கத்து ஆரணிக்கு (பட்டுச்சேலை ஆரணி இல்லை) அப்பால், தெரிந்த விவசாயி முனுசாமி நைனாவின் நெல் வயலுக்குப் போனோம். அவருடைய மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் களம் இருந்தது. அங்கே இறக்கிவைத்தோம்.

"இன்னாமா, பீரங்கி கணக்கா கொண்டாந்துகீறீங்க. யார சுடப் போறீங்க?"

"கார்த்திகைய நைனா. மொதல்ல அந்தக் கொட்டா லைட்ட கொஞ்சம் அணைங்க," என்றீர்கள் நீங்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய் அணைத்தார்.

மாசி மாதத்தில் அந்த ஒரு சாயங்காலம் நமக்குக் கிடைத்தது. மழை ஈரம் போய் வானம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. உங்களுக்கும் அது மனுஷி நாள். ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்று வீட்டிலேயே பாதி வேலையை முடித்தோம். பொழுது சாய்கிற நேரத்தில் மாடியில் டெலஸ்கோப்பை வைத்து, உருக்காலைப் புகைபோக்கியின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து ஃபோகஸ் பிடித்தோம். ஜூம் லென்ஸுக்கு நாம் காலமெல்லாம் செய்தது அதுதானே. விளக்கு ஊசிமுனையாகத் தெரிந்ததும் திருகை இறுக்கி, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு, காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

களத்தில் எல்லாம் கச்சிதமாக நடந்தது. "பட்டன நான்தான் அமுக்குவேன்" என்று ரிமோட்டைப் பிடுங்கி நீங்களே அமுக்கினீர்கள். அதன்பின் டெலஸ்கோப் கார்த்திகையைப் பின்தொடர்ந்து தானாகப் படம் எடுத்தது. நீங்கள் கார் சீட்டைச் சாய்த்துப் படுத்து, திறந்த கதவு வழியாக அந்த ஆறையும் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கேமராவின் சின்னத் திரையில் நீலம் மாதிரி ஏதோ தெரிந்தது. "வந்துச்சிடி!" என்றீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நாஷ்டா முடித்துவிட்டு லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு நட்சத்திரமும் வட்டமாக உப்பி, நடுவில் ஓட்டையோடு நின்றது. புகைபோக்கி நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தத் தூரமும் நட்சத்திரத்தின் தூரமும் ஜூம் லென்ஸுக்கு ஒன்றுதான். ஆனால் இந்தக் கண்ணாடிக்கு இரண்டும் வேறு வேறு. விளக்குக்குச் சரியாக இருந்த ஃபோகஸ் நட்சத்திரத்துக்குத் தவறிவிட்டது. தொழிற்பேட்டைக்காரர்களைத் தவிர வேறு யார் புகைபோக்கி விளக்கை நம்பி நட்சத்திரம் பார்க்கப் போவார்கள்?

"கௌரி, கார்த்திகப் பொண்ணுங்க ஆறு பேரும் மெதுவடை ஆய்ட்டாளுங்கடி."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவினீர்கள். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"இது எறங்கிப் போச்சின்னா திரும்ப எப்பொடி சாயங்காலத்துல வரும்?"

"ஐப்பசி, கார்த்திகைல கெழக்க வந்துரும் அண்ணி."

"அது வரைக்கும் நான் இருக்கணுமே."

பங்குனி முழுக்க மேகம். சித்திரையில் கார்த்திகை சூரியனோடு சேர்ந்து மறைந்தது. ஆடியில் அது விடியற்காலைக் கிழக்கில் ஏறியபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அந்த வார்டில் கிழக்குப் பக்கம் ஜன்னல் இல்லை. அது சாயங்கால வானத்துக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை அண்ணி. நட்சத்திரம் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. மனுஷிக்கு மட்டும் ஏன் அந்த ஒழுங்கு இல்லை?

இந்தத் தை மாதம் நான் தனியாக ஆரணிக்குப் போனேன். புகைபோக்கியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. களத்தில் வைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தே ஃபோகஸ் பிடித்தேன். நைனா வந்தார்.

"இன்னாமா, தனியா வந்துகீற? அந்தம்மா வர்லியா?"

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் நான் கேட்காமலேயே போய்க் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு வந்தார். நான் சாமான்களைக் கட்டி முடிக்கிறவரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

படம் நன்றாக வந்தது. நட்சத்திரங்கள் ஊசி குத்தினாற்போல் விழுந்தன. அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உங்கள் வருஷ நினைவு நாளுக்குப் போட்டோவுக்குப் பக்கத்தில் கார்த்திகைப் படம் ஒன்று மாட்ட வேண்டும் என்று அவர்தான் கேட்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது நீ எடுத்தது கௌரி. அவ எடுத்தத மாட்டு."

"அது தேறாதுண்ணா. ஆறும் வடை மாதிரி கீது."

"வடையா இருந்தா இன்னா? அவ இருந்தப்போ வுழுந்த வெளிச்சம்தானே அது?"

எனக்குக் கோபம் வந்தது. மங்கிப்போன படத்தை மாட்டி, வருகிறவர்கள் எல்லாம் "இது என்ன?" என்று கேட்க, நீங்கள் தவறவிட்டதையே காலத்துக்கும் காட்டிக்கொண்டு இருப்பதா? விரிசல் விழுந்த சாமானை நீங்களே வெளியே விடமாட்டீர்களே. ஆனால் என் படத்தில் உங்கள் கை எங்கே இருக்கிறது?

அதோடு இன்னொரு உறுத்தல். என் படத்தில் ஆறும் வெள்ளை. மறுபடியும் வெள்ளை! அன்றைக்கு வானத்தில் லேசாகப் பனிமூட்டம் இருந்ததால் சுற்றிலும் இருக்க வேண்டிய படலமும் சாம்பலாகத்தான் வந்தது. நீங்கள் முதல் நாள் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணனுக்காகத்தான், உங்கள் மாசிப் படங்களைத் திறந்தேன். அடுக்கிக் கொடுக்கும் மென்பொருள் அவற்றை ஏற்கவே மாட்டேன் என்றது. இதில் நட்சத்திரங்களே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. வடைகளை அதற்கு நட்சத்திரமாகத் தெரியவில்லை. ஆத்திரத்தில் நானே ஒவ்வொரு படமாகக் கையால் நகர்த்தி, வடை மேல் வடையாக அடுக்கினேன். அடுக்கி, நிறத்தைக் கொஞ்சம் தூக்கினேன்.

ஆறு வடையும் நீலம் அண்ணி. சுத்தமான நீலம்.

திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. ஃபோகஸ் சரியாக இருந்தால் இந்த வேகமான கண்ணாடி ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் முழுவதையும் ஒரே புள்ளியில் கொட்டிவிடும். புள்ளி நிரம்பி வழிந்து, நிறம் செத்து, வெள்ளையாகிவிடும். உங்கள் படத்தில் அந்த வெளிச்சம் பரந்து விழுந்ததால் எந்த இடமும் நிரம்பவில்லை. நிறம் பிழைத்துவிட்டது. சுற்றியிருந்த படலத்துக்கு முதலிலேயே ஓரம் கிடையாது, ஃபோகஸ் தவறியதால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதுவும் நீலமாகவே இருந்தது. அன்றைக்குக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்து "வந்துச்சிடி" என்றீர்களே, நிஜமாகவே வந்திருந்தது. நாம்தான் வடைகளைப் பார்த்துவிட்டு அதைக் கவனிக்காமல் மூடிவைத்தோம்.

என் தைப் படத்திலிருந்து உருவத்தை எடுத்துக்கொண்டேன். உங்கள் மாசிப் படத்திலிருந்து நிறத்தை எடுத்து அதன்மேல் வைத்தேன். அவ்வளவுதான். ஊசிமுனையாக ஆறு நீல நட்சத்திரங்கள், சுற்றிலும் நீலப் புகை.

அண்ணனைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"இந்த நீலம் எதுலேர்ந்து வந்துது?"

"அண்ணி எடுத்ததுலேர்ந்து."

"பட்டன அவதானே அமுக்குனா?"

"அவங்கதாண்ணா. என்ன உடவேயில்ல."

அவர் திரையைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அழுதார். உங்களை எடுத்துப்போன நாளில்கூட அவர் அழவில்லை அண்ணி. நான் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்ய?

ஆடியில் உங்கள் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்தப் படம் இருக்கும். அதோடு நிறுத்தப்போவதில்லை. ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை சாயங்கால வானத்துக்கு வரும்போதெல்லாம் ஆரணிக்குப் போவேன். புது வெளிச்சத்தைச் சேர்த்து உருவத்தை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டே போவேன். நிறத்தில் மட்டும் கை வைக்க மாட்டேன். அது அந்த மாசிச் சாயங்காலத்துடையது, உங்களுடையது. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று என் படங்களை அழிக்க நேர்ந்தாலும் நேரலாம்.

அந்த வடைகளை அழிக்கவே மாட்டேன்.

நீங்கள் "இன்னாடி" என்று கூப்பிட்ட
உங்கள் நாத்தனார்,
கௌரி